வண்டி எண்ணும் குழாய்

சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் எர்மெலிண்டா தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டாள். காபிக் கோப்பையைத் துடைத்தபடியே யாருடைய வண்டி என்று சொல்லிவிடுவாள். "ரோக்கோவோட ஆப்பே. பின்னாடி தீவன மூட்டை." அரை நிமிடம் கழித்து ரோக்கோவின் மூன்று சக்கர ஆப்பே வளைவில் தலைகாட்டும். பின்னால் மூட்டைகளும் இருக்கும். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இத்தாலியின் மொலிசே மலையில் பியெத்ராமூத்தாவுக்கு ஏறி வரும் சாலையில் ஒரு நாளைக்குப் பதினோரு வண்டி போகும்; பன்னிரண்டாவது வந்தால், ஊரில் சாவோ கல்யாணமோ நடக்கிறது என்று அர்த்தம்.

அவளுடைய காபிக் கடை அந்தச் சாலையிலேயே, இரண்டு பக்கமும் கல் வீடுகள் நெருக்கும் இடத்தில் இருந்தது. கணவன் தொனாத்தோ விட்டுப்போன கடை. நிரந்தர வாடிக்கையாளர்கள் நான்கு பேர். ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டு மதியம் வரை சீட்டாடுவார்கள். சண்டை வந்தால் நால்வரும் எழுந்து போய்விடுவார்கள், சமாதானம் ஆனதும் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள்.

கம்போபாஸோ நகரத்தில் இருந்த அக்கா அசுந்தா ஞாயிறுதோறும் போனில் அழைத்தாள்.

"செப்டம்பரோட கடையை மூடிட்டு இங்க வந்துடு. எங்க கட்டிடத்துல லிஃப்ட் இருக்கு."

"இருக்கட்டும்க்கா. லிஃப்ட்ல ஏறி நான் யாரைப் பாக்கப் போறேன்?"

"என்னைத்தான் பாப்ப. வேற யாரைப் பாக்கணும்?"

அதுதான் எர்மெலிண்டாவுக்குப் பயம். அக்கா வீட்டில் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் அவளுக்காகத் தயாராக இருந்தது. போர்வை கூட வாங்கி வைத்தாகிவிட்டது.

அந்த வருடம் மே மாதம் ஒரு ஹாலந்து தம்பதி சைக்கிளில் ஏறி வந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். கடை வாசலில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று ஆரஞ்சு சோடா குடித்தார்கள். பிறகு அந்த மனிதர் தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினார்.

"பன்னெண்டு கிலோமீட்டர் ஏறினோம். ஒரே ஒரு கார். அதுவும் நின்னு, செர்ரிப் பழம் வேணுமான்னு கேட்டுச்சு. இவ்வளவு அமைதியான ரோட்டை நாங்க எங்கயும் பாத்ததில்ல."

சீட்டாட்ட மேசை இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அமைதியாமே," என்றார் நிகாந்த்ரோ. "முப்பது வருஷமா இந்த ஊரைக் காலி பண்ணிட்டிருக்காங்க. அது இவருக்கு அமைதியா இருக்காம்."

"கல்லறைக்கும் கூட்டிட்டுப் போங்க," என்றான் ரோக்கோ. "அங்க இன்னும் அமைதியா இருக்கும்."

ஆனால் கிளம்பும்போது அந்த அம்மாள் எர்மெலிண்டாவிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். மலைச் சாலைக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். வண்டி குறைவாக ஓடும் சாலைகளைத் தேடிப் பிடித்து, வரைபடத்தில் போட்டு, பச்சைப் பலகை வைப்பார்களாம். பலகை வைத்த சாலைக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சைக்கிள்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்களாம். மலை ஏறியவனுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும் என்பதை எர்மெலிண்டாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலையே விண்ணப்பத்தை எழுதி அனுப்பினாள்.

ஜூன் கடைசியில் குழுவிலிருந்து லுக்ரேசியா என்ற இளம் பொறியாளர் வந்தாள். கடைக்குக் கீழே சாலையின் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் போட்டு, இரண்டு பக்கமும் ஆணி அடித்து, ஓரத்தில் ஒரு பெட்டியோடு பூட்டினாள். குழாய் மேல் வண்டி ஏறினால் பெட்டி எண்ணிக்கொள்ளும்.

"பத்து நாள் இருக்கட்டும்மா. ஒரு நாளைக்கு அம்பது வண்டிக்குள்ள இருந்தா உங்க ரோடு பட்டியல்ல வந்துடும்."

"அம்பதா? மூணு நாள் சேத்தாலும் அம்பது வராதும்மா."

"அப்ப கவலையே இல்ல," என்று சொல்லிக் காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் நிகாந்த்ரோ வெளியே வந்து குழாயைப் பார்த்தார். அவர் இருபத்திரண்டு வருடம் அந்தச் சாலையில் நீலப் பேருந்து ஓட்டியவர். தொண்ணூற்றெட்டில் இதே இடத்தில் இதே மாதிரி ஒரு குழாயைப் போட்டுத்தான் ஆள் குறைவு, வண்டி குறைவு என்று அவருடைய பேருந்தை நிறுத்தினார்கள். பேருந்துக்குப் பின்னால் பள்ளிக்கூடம் போனது. தபால் நிலையம் வாரத்துக்கு இரண்டு நாளானது. சூடு கண்ட பூனை அடுப்பைப் பார்ப்பதுபோல அவர் அந்தக் குழாயைப் பார்த்தார்.

"எர்மெலி, இது எதுக்கு?"

அவள் விளக்கிச் சொன்னாள். வண்டி குறைவாக இருந்தால்தான் நல்லது என்றாள். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லுச்சா?"

"ஆமா."

"அப்படித்தான் சொல்லுவாங்க. குறைச்சலா இருக்கிறவனுக்கு அரசாங்கம் பரிசு குடுத்து நீ எங்கயாவது பாத்திருக்கியா? ஆள் குறைஞ்சா புடுங்குவாங்க. ஆள் இருந்தாத்தான் குடுப்பாங்க. அம்பதுக்குள்ள வந்துச்சுன்னா ரோட்டையே மூடிட்டுப் போயிடுவாங்க."

"காகிதத்துல எழுதியிருக்குண்ணே."

"என் பஸ்ஸ நிறுத்த மாட்டோம்னும் காகிதத்துலதான் எழுதியிருந்தாங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு நிகாந்த்ரோவின் பாண்டா கார் குழாயின் மேல் இறங்கியது. நீரூற்றுவரை போய்த் திரும்பி, மறுபடியும் ஏறியது. மீண்டும் இறங்கியது. எட்டு மணிக்கு ரோக்கோவின் ஆப்பே சேர்ந்துகொண்டது. பத்து மணிக்கு டிராக்டர், பின்னால் வெறும் இழுவண்டியோடு. அதற்குச் சக்கர அச்சு அதிகம், குழாய் கூடுதலாக எண்ணும் என்பதால் ஊரில் தனி மரியாதை. பாதிரியார் தொன் செலெஸ்தீனோ தன் மொபெட்டில் ஜெபமாலை சொல்லியபடி போய்வந்தார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை, அதில் பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை என்றார். கணவன் செத்த பிறகு காரையே தொடாத ஃபிலோமேனா அதன் மேலிருந்த துணியை உருவி, முதல் கியரிலேயே ஊரை நான்கு முறை சுற்றினாள். பேட்டரியை ரோக்கோ கடன் கொடுத்தான்.

மூன்றாம் நாள் மேயர் பார்தோவும் தன் காரில் வந்தார். எர்மெலிண்டா அவரைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்களுமா? நீங்கதான விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன்மா. ஆனா யோசிச்சுப் பாரு. பக்கத்து ஊர் மோந்தெகூப்போவுலயும் குழாய் போட்டிருக்காங்களாம். நாளைக்குப் பேப்பர்ல வரும், அவங்களுக்கு இவ்வளவு, நமக்குப் பதினொண்ணுன்னு. நான் எந்த மூஞ்சியோட அந்த மேயரைப் பாக்கறது?"

"பாக்காதீங்க."

"திருவிழாவுல பாத்துத்தானே ஆகணும்," என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தாண்டினார். பதவிக்கு மரியாதையாக இரண்டு முறை தாண்டினார்.

ஐந்தாம் நாள் பியெத்ராமூத்தாவின் சரித்திரத்தில் முதல்முறையாகப் போக்குவரத்து நெரிசல் வந்தது. கடை வாசலில், சாலை ஒடுங்கும் இடத்தில், கீழே இறங்கிய டிராக்டரும் மேலே ஏறிய மேயரும் நேருக்கு நேர் நின்றார்கள். பின்வாங்குவது யார் என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். மேயர் காரின் பக்கக் கண்ணாடி உடைந்தது. இரண்டு பக்கமும் ஒன்பது வண்டிகள் ஹாரன் அடித்தன. எல்லோர் முகத்திலும் ஒரு பெருமை இருந்தது.

எர்மெலிண்டா உள்ளே போய் போனை எடுத்தாள். லுக்ரேசியா கொடுத்த எண் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை போதும்: இவர்கள் யாரும் எங்கேயும் போகவில்லை, சும்மா சுற்றுகிறார்கள். ஏழு எண்கள் வரை அழுத்தினாள். ஜன்னல் வழியே நிகாந்த்ரோ தெரிந்தார். எழுபத்து நான்கு வயது. இடுப்பு வலிக்காக இருக்கையில் ஒரு தலையணையை மடித்துப் போட்டிருந்தார். ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டு அதே ஊரில் கடை நடத்துவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை வைத்தாள்.

அதற்குப் பதிலாக ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய்க்கு முன்னால், சாலையின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். நெரிசல் கலைந்ததும் முதலில் வந்தது பாண்டாதான்.

"எந்திரி, எர்மெலி."

"மாட்டேன். நீங்க என் கடைய மூட வைக்கிறீங்க."

நிகாந்த்ரோ என்ஜினை அணைத்தார்.

"மூட வைக்கிறேனா? பைத்தியமே, உனக்காகத்தான் ஓட்டறேன். எனக்கென்ன, கல்லறை நடக்கிற தூரம். இந்த ரோடு போச்சுன்னா கடை போச்சு. கடை போச்சுன்னா உன்னை உங்க அக்கா இஸ்திரி மேசைக்குப் பக்கத்துல படுக்க வைப்பா. ஊருக்கே தெரியும்."

பின்னால் ஃபிலோமேனா, நிறுத்தினால் மறுபடி கிளப்பத் தெரியாது என்று ஜன்னல் வழியே கத்தினாள். எர்மெலிண்டா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. மேயர் அதைக் கடையில் நின்று படித்தார். பியெத்ராமூத்தா சாலையில் நாளொன்றுக்குச் சராசரி இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள், அவற்றில் நாற்பத்தொன்று கனரக வண்டிகள். சைக்கிள் ஓட்ட ஏற்றதல்ல.

ரோக்கோ கேட்டான். "மோந்தெகூப்போவுக்கு எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

மேசையில் கை தட்டினார்கள். "முப்பத்தெட்டாம்," என்று ஒருவன் இன்னொருவனின் தோளில் குத்தினான். பிறகு மேயர் அடுத்த பத்தியைப் படித்தார். பச்சைப் பலகை மோந்தெகூப்போவுக்குப் போகிறது. கை தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. நிகாந்த்ரோ சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நிஜமா?"

"நிஜம்தாண்ணே."

"அரசாங்கம் நிஜம் சொல்லும்னு யாருக்குத் தெரியும்," என்றார். அன்று அவர் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார். மன்னிப்புக் கேட்கிறார் என்று எர்மெலிண்டாவுக்குப் புரிந்தது. ஆனாலும் செப்டம்பர் முதல் வாரத்தில் கண்ணாடி டம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். முப்பதாம் தேதி வேன் அனுப்புவதாக அசுந்தா சொல்லியிருந்தாள்.

பதினெட்டாம் தேதி வேறொரு அலுவலகத்திலிருந்து ஒரு லாரி வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளும் மேயரின் உடைந்த கண்ணாடியும் அவர்கள் கோப்பில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஒடுங்கிய இடத்தில் ஆபத்து என்று எழுதி, கடைச் சுவரில் ஒரு போக்குவரத்து விளக்கை மாட்டினார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. ஒரு பக்கம் போகும்போது மறுபக்கம் நிற்க வேண்டும். இருநூறு வண்டிகளுக்குக் கணக்குப் போட்டதால் சிவப்பு நான்கு நிமிடம் எரிந்தது.

எதிரே யாரும் வராத சாலையில் யாரும் நிற்கமாட்டார்கள் என்றுதான் எர்மெலிண்டா நினைத்தாள். ஆனால் மோந்தெகூப்போவில் போக்குவரத்து விளக்கு கிடையாது. ரோக்கோ சிவப்பைப் பார்த்ததும் நின்றான். ஆப்பேயை அணைத்தான். ஒரு நிமிடம் விளக்கைப் பார்த்தான். மூன்று நிமிடம் மீதி இருந்தது. இறங்கி உள்ளே வந்து, "ஒரு காபி, சீக்கிரம், சிக்னல் விழுந்துடும்," என்றான். அவனுக்குப் பின்னால் தபால்காரர் வந்தார். விறகு ஏற்றிய லாரிக்காரன் காபியோடு ஒரு ரொட்டியும் கேட்டான். ரொட்டி நான்கு நிமிடத்தில் முடியாததால் அடுத்த சிவப்புக்கும் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அசுந்தா அழைத்தாள்.

"வேன் காலைல வரட்டுமா, மத்தியானம் வரட்டுமா?"

"வேண்டாம்க்கா. டம்ளரையெல்லாம் திரும்ப எடுத்து வெச்சுட்டேன்."

"ஏன், யார் வர்றா உன் கடைக்கு?"

"சிவப்பு விழுந்தா எல்லாரும் வர்றாங்க."

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கடை காலை ஆறு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கிறது. பச்சைப் பலகை மோந்தெகூப்போவில்தான் இருக்கிறது. சைக்கிள்காரர்களும் அங்கேதான் போகிறார்கள். பியெத்ராமூத்தா சாலையில் ஒரு நாளைக்குப் பதினோரு வண்டிகள் ஓடுகின்றன. பதினொன்றும் நிற்கின்றன.