ஜாடி மாவும் நான் சொன்ன பொய்யும்

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் என் கணவர் சமையல்காரர். ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை காரேறிப் போன மறுநாள், தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பங்களாவிலிருந்து போர்வையும் பாத்திரமும் தூக்கி வந்தார்கள். இவர் ஒரு பீங்கான் ஜாடியைக் கொண்டு வந்தார். உள்ளே ரொட்டிக்கான புளித்த மாவு.

தினமும் காலையில் பாதியை எடுத்துவிட்டு, கொஞ்சம் புது மாவும் ஆறிய வெந்நீரும் விட்டுக் கிளறுவார். மலைக்குளிரில் அது லேசில் பொங்காது. அடுப்பு மேட்டில் அதிகச் சூடும் குளிரும் படாத ஒரு மூலையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கோதுமை மாவு தீர்ந்ததும் மரவள்ளிக்கிழங்கைச் சீவிக் காயவைத்து, இடித்துப் போட்டார்.

"நம்ம வயித்துக்கே இல்ல. இதுக்குத் தீனியா?" என்றேன்.

"எடுக்கிற பாதிய அடையா சுட்டுத் திங்கிறது யாரு புள்ள?" என்று சிரித்தார்.

அடுத்த வருடம் வயிற்றுக்கடுப்பில் படுத்துவிட்டார். கண் திறக்கும்போதெல்லாம், "மாவுக்குப் போட்டியா?" என்பார்.

"போட்டேன்" என்பேன். போடவில்லை. வீட்டில் இருந்த மாவை அவருக்குக் கூழாகக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து மூடியைத் திறந்தேன். மேலே கறுப்புத் தண்ணீர், ஓரமெல்லாம் இளஞ்சிவப்புக் கீற்று, தாங்க முடியாத நாற்றம். தேயிலைச் செடியோரம் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சில மைல் தள்ளி, கம்போங் ராஜா என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்கு அவர் ஒருமுறை கொஞ்சம் மாவு கொடுத்திருந்தார். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு நடந்தேன்.

"அந்த மாவு உயிரோட இருக்கா?" என்று கடைக்காரரின் மனைவியிடம் கேட்டேன்.

"இருக்காவா? சோள மாவு போட்டேன் லா, நேத்து மூடியையே தள்ளிடுச்சு. பாதி எடுத்துட்டுப் போங்கக்கா."

குளிர் படாமல் இருக்க, மாவு வாங்கிய டப்பாவைச் சேலைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். பாதி வழியிலேயே பொங்கி ரவிக்கையை நனைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜாடியைக் கழுவி அதில் ஊற்றினேன்.

இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தவர் ஜாடியைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தார்.

"இது நம்ம மாவு இல்லையே. சோள வாசம் வருது."

எல்லாவற்றையும் சொன்னேன், கூழ் விஷயம் உட்பட. அவர் ஜாடியை மூடிக் கீழே வைத்தார்.

"அவ்வளவு தூரம் தனியாவா போன?" அதற்குத்தான் கோபம். "வழியில ஜப்பான்காரன் மறிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"டப்பாவத் தொறந்து காட்டியிருப்பேன். மோந்து பாத்துட்டு அவனே ஓடியிருப்பான்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அவர் நடமாடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்த் தகர டின்னை அடுப்பாக்கி ரொட்டி சுட்டோம். செங்கல் கனம். எனக்கு ஒரு துண்டு, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்று. அவர் கேட்டு வாங்கி இரண்டு சாப்பிட்டார்.