சொல்லிவிட்டுப் போவது

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்குக் காசநோய் கண்டது. சென்னையில் எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்கள் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. நான் ஆரம்பாக்கத்திலிருந்து தினம் ரயிலேறி வேலைக்குப் போகிறவன். ஆரணியில் என் அக்கா வீட்டில் குழந்தையை விட்டோம்.

எங்கள் பக்கத்தில் குழந்தையை விட்டுப் போகிறவர்கள் அதனிடம் சொல்லிக்கொள்வதில்லை. யாராவது எதையாவது வேடிக்கை காட்டுவார்கள். அது அந்தப் பக்கம் திரும்பியதும் நழுவிவிடுவார்கள். அழ வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். அக்கா கன்றுக்குட்டியைக் காட்டினாள். என் மனைவி பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறினாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்த நானும் அப்படியே நழுவினேன்.

குணமாகி மனைவி திரும்பியதும் பெண்ணை அழைத்து வந்தோம். அவள் அம்மாவிடம் போகவில்லை. அழவும் இல்லை. விழுந்து முட்டியில் ரத்தம் வந்தால்கூட யாரையும் பார்க்காமல் தானே எழுந்து நிற்பாள். வாசலைப் பார்த்தபடிதான் சாப்பிடுவாள். எதையும் எண்ணுகிற புத்தி எனக்கு. அவள் வாய்க்குள் போகும் கவளங்களை எண்ணினேன். ஏழு. சில நாள் ஐந்து. இவளுக்கு இனி நாங்கள் யாரோதானா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சென்னையில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் காட்டினோம். உடம்பில் குறை இல்லை என்றார். பிறகு என் மனைவியைக் கேட்டார்: “ஆஸ்பத்திரிக்குப் போறப்போ கொழந்தகிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?”

“ஒண்ணும் சொல்லலீங்க. அது கன்னுக்குட்டிய பாத்துக்கினு இருந்துச்சி.”

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

“திரும்பிப் பாத்தா அம்மாவக் காணோம், அப்படித்தானே? இனிமே குழாயடிக்குப் போனாலும் சொல்லிட்டுப் போங்க. வந்ததும் வந்துட்டேன்னு சொல்லுங்க. இழுத்து மடியில வெச்சுக்காதீங்க, பக்கத்துல இருங்க. அழுதா அழட்டும், கூடவே இருங்க.”

“மருந்து?” என்றேன்.

“இதுதான்.”

ஒரு டானிக்காவது எழுதியிருக்கலாம் என்று ரயிலில் வழியெல்லாம் புலம்பினேன். மனைவி மட்டும் விடாமல் செய்தாள். பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். “இன்னாமே, கொல்லைக்குப் போறதுக்குக்கூட பர்மிஷன் வாங்கினு போறியா?”

“ஆமாக்கா. எங்க ஊட்டு மேனேஜர் அது.”

இரண்டு மாதத்தில் கவளம் ஒன்பதானது. மற்றபடி மாற்றம் இல்லை.

அப்போது அக்கா வந்தாள். பெண் பகல் முழுக்க அவள் மடியில் இருந்தாள். கிளம்பும் நேரம் அக்கா பையை எடுத்துக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தாள்: “ரயில் வர்ற நேரம். நைனா, நீ கொழந்தைக்கு ரயில காட்டு. நான் பின்வாசல் வழியா போய் பஸ் ஏறிக்கிறேன்.”

நானும் சரியென்று குழந்தையைத் தூக்கக் குனிந்தேன். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

“அண்ணி, அதுகிட்ட சொல்லிட்டுப் போங்க.”

“அழுமேடி. அதப் பாத்துட்டு நான் எப்படி பஸ் ஏறுவேன்?”

“அழட்டும். நான் இருக்கேன்.”

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் பையைக் கீழே வைத்து, குழந்தையின் எதிரே உட்கார்ந்து, “அத்தை போய்ட்டு வரேன், கண்ணு” என்றாள். பிறகு எழுந்து வாசல் வழியாக நடந்தாள்.

பெண் கத்தினாள். இத்தனை மாதம் அழாததையெல்லாம் சேர்த்து அழுவதுபோல் இருந்தது. பின்னாலேயே ஓடியவளை மனைவி தூக்கிக்கொண்டாள். பெண் அவளை அடித்தாள், தோளில் கடித்தாள். நான் விலக்கப் போனேன்.

“உடுங்க” என்றாள் மனைவி. “என்னைத்தான அடிக்குது.”

அடி ஓய்ந்து விக்கல் வந்தது. பெண் அம்மாவின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தோளில் முகத்தை வைத்தாள். மனைவி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“குழாயில தண்ணி வர்ற நேரம். நீங்க போய் புடிச்சினு வாங்க” என்றாள்.

போனேன். எனக்கு முன்னால் ஆறு குடங்கள். மறுபடி அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று வீட்டுப் பக்கமே காதை வைத்திருந்தேன். என் முறை வந்தும் நிறையும் வரை நிற்க முடியாமல், முக்கால் குடத்தோடு திரும்பினேன். பெண் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கியிருக்கவில்லை.