சொல்லிக்கொண்டு கிளம்பும் இடம்

அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது ஒரு சத்தம் வருமே, பசை உரிவது போல ஒரு இழுப்பு, கடைசியில் ஒரு டப். எல்லோருக்கும் அது கல்யாணத்தை ஞாபகப்படுத்தும். எனக்கு இல்லை. தம்பி தன் உயிரை மாய்த்துக்கொண்ட நாளில், பெரம்பலூரில் எங்கள் வாசலில் முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். அழுகை அதற்குப் பிறகு.

நான்கு வருடம் கழித்து அரியலூரில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியிலிருந்து அதே சத்தம் வந்தது. படியிலேயே நின்றுவிட்டேன். திரும்பிப் போயிருப்பேன். பின்னால் ஏறி வந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா, "ஏறுங்க தம்பி, முட்டி வலிக்குது, நடுப்படியில நிக்க முடியல" என்றார். ஏறினேன்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மதியம் அங்கே கூடுவோம். என்னைப் போல ஆளைப் பறிகொடுத்தவர்கள், மனநோயோடு இருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நடத்துகிறார். பேசத் தோன்றினால் பேசலாம், இல்லாவிட்டால் டீ குடிக்கலாம். படியேற வைத்த அம்மா லப்பைக்குடிக்காட்டுக்காரர். கணவர் துபாயில். வளர்ந்த மகனுக்குக் காதில் யார் யாரோ பேசுகிறார்கள். அவன் முரண்டு பண்ணாமல் மாத்திரை போட்டுக்கொண்ட நாளெல்லாம் தங்கள் வீட்டில் பெருநாள்தான் என்பார்.

ஆண்டிமடம் பக்கத்திலிருந்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் வருவார். அறுபது இருக்கும். மனைவி தற்கொலை செய்துகொண்டு ஏழு மாதம். நான் சேர்ந்த மாதமே அவரும் சேர்ந்தார், முதல் இரண்டு கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தின் டீ நேரத்தில் மட்டும் நர்ஸிடம், படுத்தால் விடியாமலே இருந்துவிட்டால் தேவலை என்றிருக்கிறார். திங்கட்கிழமையே நர்ஸ் அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தந்தார். அவர் சம்மதத்தோடு எங்களிடமும் சொல்லிவைத்தார், ஒரு கண் இருக்கட்டும் என்று.

மூன்றாவது கூட்டத்துக்கு, முந்தைய இரண்டு முறையும் பைக்கில் கொண்டுவந்து விட்ட மருமகன் இல்லாமல் தனியாக வந்தார். அன்று பேசினார். கடைசி நாள் காலையில் மனைவி தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்து, "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம் அவ" என்றார்.

டீ வந்தது. கண்ணாடித் தம்ளர்களோடு திரும்பினால் அவர் நாற்காலி காலி. வாசலில் செருப்பு இல்லை. நாற்காலியின் கீழே மஞ்சப்பை இருந்தது. உள்ளே மாத்திரை, செல்போன். யாருக்கும் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களில் பாதிப் பேர் இப்படி ஒரு காலி இடத்தைப் பார்த்தவர்கள்தான்.

ஒருவேளை திரும்பி வந்தால் ஆள் வேண்டும் என்று நர்ஸ் அங்கேயே இருந்தார். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு நானும் லப்பைக்குடிக்காட்டு அம்மாவும் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பஸ் ஸ்டாண்டா, ரயில்வே ஸ்டேஷனா என்று டிரைவர் கேட்டார். சாதாரணக் கேள்வி. எனக்கு இரண்டாவது பெயர் மட்டும்தான் காதில் நின்றது. அந்த அம்மாதான் பஸ் ஸ்டாண்டு என்றார். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. வெள்ளைத் தூசி. 

ஆண்டிமடம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார் மனிதர். எங்களைப் பார்த்ததும், "அட, பைய மறந்துட்டனா?" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, அக்கா சொல்லாம போனாங்கன்னு இப்பத்தான் அழுதீங்க. நீங்க பண்ணது என்னவாம்?"

அவர் பழத்தை மடியில் வைத்தார். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். "துக்கம் பேசுற எடமாச்சே. அங்க போயிட்டு வரேன்னு சொல்லலாமா? சாவு வூட்ல சொல்லிக்கிட்டா கெளம்புவோம்?"

நானும் அப்படித்தான் இறங்கிப் போயிருக்கிறேன், முந்தைய இரண்டு மாதமும். யாருமே சொல்லிக்கொண்டதில்லை. வாசலில் நின்று எங்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸின் முகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு முதுகையும் அடுத்த மாதம் வரை அவர் சுமந்திருக்கிறார்.

"அது சாவு வூடு இல்லண்ணே," என்றார் அந்த அம்மா. "நாம இருக்கிறதுக்காகப் போற எடம். நர்சம்மாவுக்குப் போனப் போடுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பையிலிருந்து செல்போனை எடுத்து நானே எண்ணைத் தட்டி, பையோடு சேர்த்து ஜன்னல் வழியே கொடுத்தேன். பஸ் நகர, நாங்கள் இருவரும் கூடவே நடந்தோம். காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் அவர் சொன்னார்:

"நர்சம்மா, நாந்தாம்மா. போயிட்டு வரேன். அந்த டீயக் கீழ ஊத்திருங்க, அடுத்த மாசம் வந்து குடிச்சுக்கிறேன்."