மாமன் எடுத்து வந்த சாட்டின் கவுன்

மூன்று வருடங்களுக்கு முன், திருக்கார்த்திகை அன்று சாயங்காலம், அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

குழந்தைகள் உடை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில், செக்கிங் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் இரவில் போட்டுத் தூங்கும் உடைக்கென்றே சில நாடுகளில் தனிச் சட்டம் இருக்கிறது. துணி லேசில் தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்போடு ஒட்டினாற்போலத் தைத்திருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் துணி சுலபமாக நெருப்பில் பட்டுவிடும், உள்ளே காற்றும் புகுவதால் குப்பென்று பற்றும். அளவு கொஞ்சம் கூடினாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். தையல் பிரிவில் எனக்கு ராட்சசி என்று பெயர். அதில் எனக்குப் பெருமைதான்.

வீட்டில்தான் என் பாச்சா பலிக்காது. வளர்கிற பிள்ளை என்று சொல்லியே எல்லாவற்றையும் இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கிற குடும்பம் எங்களுடையது.

அன்று என் தம்பி அலங்காநல்லூரிலிருந்து கார்த்திகைச் சீர் கொண்டு வந்திருந்தான். பொரி, வெல்லம், எனக்கு ஒரு சேலை. என் ஐந்து வயது மகளுக்குப் பளபளவென்று ஒரு சாட்டின் நைட் கவுன். அடுக்கடுக்காக ஃப்ரில், போட்டால் தரையைக் கூட்டும். தாய்மாமன் எடுத்து வந்ததை அவன் கண் முன்னால் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம்.

"விளக்கு வைக்கிற நேரம்டா. நாளைக்குப் போடட்டும்" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "இம்புட்டு ஆசையா எடுத்துட்டு வந்திருக்கேன். உன் சட்டமெல்லாம் வெள்ளைக்காரன் பிள்ளைக்குக்கா. நம்ம பிள்ளைக்கு எதுக்கு?"

"மாப்ள மனசு கஷ்டப்படுதுல்ல, போடட்டுமே" என்று என் கணவரும் சேர்ந்துகொண்டார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு, அகல்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

கோலத்தைச் சுற்றி விளக்கேற்றி முடித்து நிமிர்ந்தால், மகள் அந்தக் கவுனோடு படியிறங்கி வருகிறாள். பின்னால் தம்பி. "அம்மாவுக்குச் சுத்திக் காட்டு தங்கம்" என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சுற்றிவிட்டாள்.

ஃப்ரில் ஒரு விளக்கில் பட்டது. ஓரத்தில் தீ சரசரவென்று ஏறியது. அவள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடப் பார்த்தாள். தம்பி வெறுங்கையால் தட்டினான்.

"ஓடாத, படு!" என்று கத்தியபடி அவளை இழுத்துத் தரையில் தள்ளி உருட்டினேன். வாசல் தெளித்த வாளியில் மிச்சத் தண்ணீர் இருந்தது. அப்படியே எடுத்து ஊற்றினேன். தீ அணைந்தது.

சாட்டின் உருகி, ஒரு கெண்டைக்காலில் ஒட்டியிருந்தது. தம்பி பேஸ்ட் எடுக்க உள்ளே ஓடினான். "ஒண்ணும் தடவக்கூடாது, தண்ணியைக் கொண்டா" என்றேன். ஒட்டியிருந்த துணியைப் பிய்க்காமல், குழாய்த் தண்ணீரையே நெடுநேரம் காலில் விட்டுக்கொண்டிருந்து, பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் ஊற்றியது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வெளியே பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான் தம்பி. "என்னை நாலு அடி அடிச்சிருக்கலாம்ல நீ" என்றான். அவன் கையிலும் கொப்புளம். அடிக்க எனக்கு மனம் வருமா? அவன் எடுத்து வந்தது ஆசையால்தானே.

இப்போதெல்லாம் அவன் துணிக்கடையிலிருந்தே வீடியோ காலில் வருகிறான். "காட்டன்தான்க்கா. பிடிச்சாப்ல இருக்கா, பாத்துச் சொல்லு" என்று உடையை விரித்துக் காட்டுகிறான். ஊரில் யார் பிள்ளைக்குத் துணி எடுத்தாலும் இவன் வகுப்பெடுக்கிறானாம். ராட்சசிக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்டான்!

மகளின் காலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. குளிப்பாட்டும்போதெல்லாம் என் கை அதில் படும். அன்று அந்தக் கவுனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தால் தம்பி கோபித்துக்கொண்டு போயிருப்பான், பொங்கலுக்குள் தானாகவே திரும்பியும் வந்திருப்பான். இந்தத் தழும்பு மட்டும் எந்தப் பொங்கலுக்கும் போகப்போவதில்லை.