திருநீறு பூசிய சம்மன்

"சட்டம் படிச்சு என்னம்மா கிழிக்கப் போற? நானுந்தான் படிச்சேன்."

கிள்ளான் ஆசிரமத்துக் கூடத்தில், காவி உடுத்தி உட்கார்ந்திருந்த சாமி என்னிடம் கேட்டது இது. அவர் முன்னால் பித்தளைத் தட்டு. வாழைப்பழம், வெற்றிலை, நடுவே யாரோ கொண்டுவந்த கோர்ட்டுத் தாள்.

சாமி ஒரு காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் பெயர்பெற்ற வழக்கறிஞர். பிறகு அயல்நாடுகளில் தூதராக இருந்தார். ஓய்வுக்குப் பின் தனக்குத் தானே ஈமச்சடங்கு செய்துகொண்டு துறவியானார். வழக்கு என்று யாராவது வாயெடுத்தால், "அந்த வக்கீல் செத்துட்டான்" என்பார். சனங்கள் அதை நம்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தட்டில் சம்மனை வைத்து நீட்டினார்கள். அவர் பிரித்துப் பார்க்காமல் திருநீறு தூவித் தலையசைப்பார். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாத அந்தத் தலையசைப்பைத் தூதராக இருந்தபோது பழகியிருக்க வேண்டும்.

அப்பா வேலை பார்த்த தோட்டம் கைமாறிய பிறகும் நாங்கள் தொழிலாளர்களுக்கான பழைய லயத்து வீட்டில்தான் இருந்தோம். காலி செய்யச் சொல்லி வந்த சம்மனை அம்மா அந்தத் தட்டில்தான் வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான்; அப்போது பினாங்கில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். "சாமி தலையாட்டிட்டாரு லா, இனிமே அவரு பாத்துக்குவாரு" என்று அம்மா பக்கத்து வீட்டு ஆன்டியிடம் சொல்லியிருக்கிறார். விசாரணை நாளில் எங்கள் பக்கம் யாரும் போகவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் தீர்ப்பு வந்தது. விடுமுறைக்கு நான் வந்து இறங்கியபோது புல்டோசர் வேலையை முடித்திருந்தது. சமையல் அடுப்பும் அலமாரியும் சாலையோரம் மழையில் கிடந்தன. செந்தூலில் வாடகைக்கு எடுத்த பிளாட்டில் அப்பா அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை.

சாவு வீட்டுக்குச் சாமி வந்தார். அம்மா அழாமல் சொன்னார்: "நீங்க அதைப் படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் சாமி."

அடுத்த வெள்ளியிலிருந்து அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளையும் படித்தார். சாமியார் கோர்ட்டு நடத்துகிறார் என்று ஆசிரம நிர்வாகிகளே கேலி பேசினார்கள். பல தாள்களில் விசாரணை நாள் கடந்திருந்தது. அப்படியொரு வெள்ளியன்றுதான், சட்டம் படிக்கப் போவதாகச் சொன்ன என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க சட்டம் படிச்சீங்க சாமி. அம்மா கொண்டாந்ததைத்தான் படிக்கல" என்றேன்.

அதற்கு அவர் தலையசைக்கவில்லை.

சாமி இப்போது இல்லை. புதிதாக வந்தவர் மறுபடியும் திருநீறு மட்டும் போடுகிறார். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் வழக்கறிஞராக இருக்கிறேன். அம்மா அந்த ஆசிரமப் பக்கமே போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் போனேன், ஒரு மடக்கு மேசையோடு. உள்ளே இடம் தரவில்லை. வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். தட்டில் கோர்ட்டுத் தாளோடு வந்த ஒரு பெண், புதுச் சாமியைப் பார்த்துவிட்டு வந்து தரட்டுமா என்று கேட்டார்.

"இல்லக்கா, மொதல்ல எங்கிட்ட குடுங்க."

தாளின் மடிப்பில் முந்தின வாரத் திருநீறு இருந்தது. ஊதிவிட்டுப் படித்தேன். அதுவும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குதான்; விசாரணைக்கு ஆள் வராததால் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த அக்காவின் வீட்டை இன்னும் இடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவைப் பதிந்துவிட்டேன்.