பாலம் வரைக்கும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்கு நுரையார் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய இயந்திரத்துக்குள் சோப்புத்தூளை அளவு தெரியாமல் கொட்டிவிட்டார். நுரை கதவிடுக்கு வழியாகப் பொங்கி, நடைவழியில் தவழ்ந்து, கணக்குப் பிரிவின் வாசலில் போய் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். தலை நரைத்த பிறகு மரியாதைக்கு ஒரு ‘ஆர்’ சேர்ந்தது, அவ்வளவுதான்.

நாள் முழுக்க நீராவி. போர்வை, தலையணையுறை, அறுவை அறையின் பச்சைத் துணி என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும். பிரிப்பார், போடுவார், எடுப்பார், உலர்த்துவார். மாலையில் வெளியே வரும்போது விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி வேறு யாருடைய விரல்களோ போல இருக்கும். எந்தப் பொருளையும் நாலு தண்ணீரில் அலசிவிட்டால் அது தேறிவிடும் என்பது அவர் கட்சி. வீட்டிலும் அதே கதைதான். செருப்பைக் கழுவுவார், குடையைக் கழுவுவார், ஒருமுறை சுவர்க்கடிகாரத்தையே குழாயடிக்குக் கொண்டு போனார். மனைவிதான் பிடுங்கி வைத்தாள்.

“நேரத்தையாவது விட்டு வைங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்.”

இப்படிப்பட்ட மனிதரைச் சைக்கிளில் ஏற்றியவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி, அதே வீட்டின் மாடி அறையில் இருந்தான். பல்செட் செய்கிற வேலை. அறை முழுக்க அச்சு வார்த்த ஈறுகள், ரோஜா நிற மெழுகுத் தகடுகள், சிரிக்க ஆளில்லாத பல் வரிசைகள்.

“ஊர்ல பாதிப் பேரு என்னைத் திட்டுறதே நான் செஞ்ச பல்லாலதான் மாமா,” என்பான்.

அவனிடம் ஒரு பழைய ரேஸ் சைக்கிள் இருந்தது. கரும்பச்சை நிறம், மெல்லிய எஃகுக் குழாய்கள், ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹாண்டில்பார். கியர் மாற்றுகிற குமிழ் கைக்குப் பக்கத்தில் இருக்காது. குனிந்து, கீழ்க்குழாயில் தேடித் தொட வேண்டும். அவனுக்கு வயது எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே வயது அந்த ஃபிரேமுக்கும். யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை வாங்கி வந்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துடைத்துக் கோர்த்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அதில் போவான். நுரையார் தன்னுடைய கனத்த பழைய சைக்கிளில் பின்னால் மூச்சிரைக்கப் போவார். கிட்டங்கித் தெருவைக் கடந்து, ஆற்றோரச் சாலையில் திரும்பி, மேடு ஏறினால் பாலம். அங்கே ஆளுக்கொரு தேநீர். திரும்பும்போது சைக்கிளை மாற்றிக்கொள்வார்கள்.

முதல்முறை அந்தப் பச்சைச் சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தபோது நுரையார் அசந்துபோனார். எஃகு என்றால் இறுக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். இதுவோ காலுக்குக் கீழே லேசாக வளைந்து கொடுத்து, வளைந்த வேகத்திலேயே முன்னே தள்ளியது. சாலையின் பொடிக்கற்கள் உள்ளங்கைக்கு வந்து சேரும்போது வெறும் கிசுகிசுப்பாகியிருந்தன. சலவைக்கூடத்தின் நீராவி பட்டுப் பட்டு மரத்துப்போயிருந்த முகத்தில் காற்று அடித்தது. ‘இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது?’ என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“என்ன மாமா, சைக்கிளோட பேச ஆரம்பிச்சுட்டீங்களா? அக்காட்ட சொல்லட்டுமா?”

“சொல்லுடா. அவகூடப் பேசுறதை விட இது எவ்வளவோ மேல். குறுக்கே பேசாது.”

புறப்படுமுன் மச்சினன் ஒவ்வொரு முறையும் ஒரு காரியம் செய்வான். சைக்கிளைச் சாய்த்து, பெடல் அச்சு உட்கார்ந்திருக்கும் கூட்டின் அடிவயிற்றில் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவான். கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுப்பது போல ஏதோ செல்லம் என்று நுரையார் நினைத்துக்கொண்டார். கேட்டதில்லை.

அப்புறம் மச்சினனுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. முதலில் களைப்பு என்றான், பிறகு காய்ச்சல் என்றார்கள், பிறகு நுரையார் வேலை செய்யும் அதே மருத்துவமனையில் மூன்றாம் மாடியில் கட்டில் கொடுத்தார்கள். உள்ளே போகிற அன்று அவன் சாவிக்கொத்தைக் கொடுக்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான்:

“சைக்கிளை நிறுத்தி வைக்காதீங்க மாமா. ஓட்டுங்க. ஓடாம நின்னா அதுவும் படுத்துரும்.”

செயினுக்கு எண்ணெய் எப்போது விட வேண்டும், டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும், தோல் சீட்டில் வெயில் படக்கூடாது என்று எல்லாம் சொன்னான். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மூக்கை அடைத்துக்கொள்ளாதே என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லையே, அப்படி அவனுக்கு அது தோன்றவே இல்லை.

நுரையார் வார்த்தை தவறவில்லை. ஞாயிறுதோறும் பாலம் வரை போய்விட்டு, நேரே மூன்றாம் மாடிக்கு வருவார். கட்டிலருகே உட்கார்ந்து சாலையைச் சொல்வார். கிட்டங்கித் தெருவில் தார் போட்டிருப்பதை, மேட்டில் துரத்துகிற செம்பட்டை நாய்க்குக் கால் நொண்டியிருப்பதை, ஆற்றில் தண்ணீர் எந்தக் கல்வரை ஏறியிருக்கிறது என்பதை. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். மேடு வந்ததும் போர்வைக்குள் அவன் பாதம் லேசாக அசையும். பெடலை அழுத்துகிறான்.

வார நாட்களில் அந்தப் போர்வைகள் கீழே அவரிடம் வரும். மூன்றாம் மாடி மூட்டையைத் தனியாகப் பிரிப்பார். வியர்வைக் கறையின் அகலத்தைப் பார்த்து அவன் இரவு எப்படிப் போயிற்று என்று அறிந்துகொள்வார். பிறகு எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு, ஒன்றுமே நடக்காதது போல வெள்ளையாக்கி மேலே அனுப்புவார்.

சைக்கிளையும் அப்படித்தான் வைத்துக்கொண்டார். சவாரி முடிந்ததும் சோப்புத் தண்ணீர், தூரிகை, ரப்பர்க் குழாய். மேலிருந்து கீழ்வரை பீய்ச்சி அடித்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பார். மச்சினன் எழுந்து வரும்போது அது கல்யாணப்பெண் மாதிரி நிற்க வேண்டும். கழுவிய பிறகு மாடிப்படிக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பார். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பழுப்புத் தண்ணீர் விழும். வெள்ளைத் தரையில் தேநீர் சிந்தியது போலக் கறை.

“என் தம்பி சைக்கிள்தான், இல்லைன்னு சொல்லலை. அதுக்காக வீட்டுக்குள்ள மூத்திரம் போக விடணுமா?” என்றாள் மனைவி.

குனிந்து பார்த்தார். பெடல் கூட்டின் அடியில் ஒரு சின்னத் துளை. இந்த வழியாகத்தான் சாலைத் தண்ணீரும் தூசியும் உள்ளே போய் அழுக்காகி வருகிறது போலும்! இதைக்கூட அடைக்காமல் விட்டிருக்கிறானே என்று மச்சினன்மீது செல்லக் கோபம் வந்தது. மாடி அறைக்குப் போய், அவனுடைய மேசையிலிருந்து ரோஜா நிற மெழுகில் ஒரு துணுக்கு எடுத்து, விரல் சூட்டில் இளக்கி, துளையில் வைத்து அழுத்தினார். மறு ஞாயிறு ஒரு சொட்டு விழவில்லை.

“இப்பப் பாரு தரையை,” என்றார் மனைவியிடம். அவள்கூட மெச்சினாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. வெயில் போய் மறுபடி மழை. ஞாயிறு தவறாமல் கழுவினார். மேட்டில் ஏறும்போது எங்கோ ‘கிறீச்’ என்றது. சீட்டுதான் என்று நினைத்துத் தோலுக்கு மெழுகு தடவினார். பெடல்தான் என்று எண்ணெய் விட்டார். ‘கிறீச்’ நிற்கவில்லை. சாலையைச் சொல்லும்போது அந்தச் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார். நோயாளியிடம் எதற்கு?

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் அவரை நடைவழிக்கு அழைத்தார். இனி மருந்துகளால் வேதனைதான் மிஞ்சும், வீட்டுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று நுரையார் கேட்கவில்லை. டாக்டரின் கண் தரையைப் பார்த்த விதமே போதுமாக இருந்தது. மச்சினனிடமும் டாக்டர் மறைக்கவில்லை.

உள்ளே போனபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு பளபளப்பு.

“மாமா, ஞாயித்துக்கிழமை பாலம் வரைக்கும்.”

“என்னது?”

“ஒரே ஒரு தடவை. மெதுவா. மேட்டுல இறங்கித் தள்ளிக்கிறேன், கௌரவம் எல்லாம் பாக்க மாட்டேன். நீங்க பின்னாடி வாங்க, நான் விழுந்தா பொறுக்கிக்கலாம்.” பிறகு சிரிக்காமல் சொன்னான்: “அதுக்கு மட்டும் கால்ல மிச்சம் வச்சிருக்கேன்.”

அன்று மாலை சைக்கிளை நிறுத்தித் தலைமுதல் கால்வரை துடைத்தார் நுரையார். பெடல் கூட்டுக்குப் பின்னால், சக்கரத்துக்குப் போகிற குழாயில், ஒரு முடி ஒட்டியிருந்தது. துடைத்தார், போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார், போகவில்லை. நகத்தால் கீறியபோது பச்சை வண்ணம் செதிலாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பழுப்பு. முடியில்லை, விரிசல்.

மறுநாள் விடுப்பு எடுத்து, சைக்கிள் கடைக்காரரிடம் உருட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பெடலைக் கழற்றி, அச்சை உருவினார். உடனே தரையில் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. கூடவே ஈரமான துரு, பாக்குத்தூள் போல, கை நிறைய. அவர் ஸ்க்ரூடிரைவரால் அடியில் குத்தினார். ரோஜா நிற மெழுகு தெறித்து விழுந்தது.

“யாரு சார் இதை அடைச்சது?”

நுரையார் கீழே கிடந்த மெழுகைப் பார்த்தார். “தெரியலை,” என்றார்.

“உள்ள போற தண்ணி இறங்குறதுக்குத்தானே இந்த ஓட்டையே. சீட்டு வழியா, இங்க வழியா, எப்படியும் தண்ணி போகும். போனா வெளிய வரணும்ல?” கடைக்காரர் குழாயைக் கட்டைவிரலால் அழுத்தினார். எஃகு அட்டைப்பெட்டி போல உள்வாங்கியது. “வெளிய மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க. உள்ள ஒண்ணுமே இல்லை.”

“குழாயை மட்டும் மாத்திப் பத்த வைக்க முடியாதா? எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்.”

“பத்த வைக்கணும்னா பிடிச்சு நிக்க ஒரு நல்ல இடமாவது வேணும் சார். இங்க சூடு காட்டினா கூடே போயிரும். இந்த அளவுல வேற ஃபிரேம் தேடலாம். மாசக்கணக்கா ஆகும், கிடைச்சாக் கிடைச்சதுதான்.” நுரையாரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “கோர்த்துத் தர்றேன். சுவத்துல மாட்டி வைங்க. யாரையும் ஏத்தாதீங்க, மேட்டுல மிதிச்சா முறிஞ்சிரும்.”

உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் சொல்ல வாயெடுத்தார். அவள் தம்பிக்காக மாடி அறையைப் பெருக்கிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மச்சினனைக் கூட்டி வந்தார்கள். படியேறும்போது சைக்கிளைப் பார்த்துவிட்டு, “அடேயப்பா, வாங்கினப்போகூட இப்படி இல்லையே!” என்றான். நுரையார் அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

ஞாயிறு விடிந்ததும் கீழே வந்து, பின் டயரின் வால்வைத் திறந்து காற்றை இறக்கினார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஞ்சர் என்று சொல்வது. இன்றைக்கு வேண்டாம் என்பது. அடுத்த வாரம் என்பது. அடுத்த வாரத்துக்குள் அவனே... அந்த நினைப்பை முடிக்க அவருக்குத் தைரியம் இல்லை.

மச்சினன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். பழைய சவாரிச் சட்டை ஆணியில் மாட்டியது போல அவன்மேல் தொங்கியது. மாடியில் அக்கா வாயில் சேலைத் தலைப்பைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“பின் டயரு பஞ்சர் போல இருக்குடா,” என்றார் நுரையார்.

“எங்க?” அவன் டயரை அமுக்கினான். வால்வைப் பார்த்தான். “மூடி கழண்டு கிடக்கு மாமா. வெறும் காத்துதான் போயிருக்கு. பம்ப்பை எடுங்க.”

பம்ப்பை எடுத்தார். அடித்தார். டயர் கல் போல நின்றது. மச்சினன் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினான். பிறகு, எப்போதும் செய்வது போல, சைக்கிளைத் தன் இடுப்பில் சாய்த்து, பெடல் கூட்டின் அடிவயிற்றில் கட்டைவிரலை வைத்துத் தடவினான்.

விரல் நின்றது. மறுபடி தடவிற்று. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். நகக்கண்ணில் துருவும், அரிசி நுனியளவு ரோஜா நிறமும்.

“இது என் மெழுகு.”

நுரையார் பம்ப்பைப் பிடித்தபடி நின்றார்.

“எப்ப வச்சீங்க மாமா?”

“நீ போன புதுசுல. தரையெல்லாம் கறையாச்சுன்னு...”

“அதுலேருந்து கழுவிக்கிட்டேவா இருந்தீங்க?”

“வாராவாரம்.”

மச்சினன் குனிந்து அந்த முடிக்கோட்டைப் பார்த்தான். கடைசிப் படியில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று நுரையார் காத்திருந்தார், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அவன் தன் முழங்கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவை யாருடையவை என்று பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் பழைய சைக்கிள் இருக்குடா. பின்னாடி உக்கார வச்சு நான் மிதிக்கிறேன். மெதுவா. பாலம் வரைக்கும் நான்...”

“வேணாம் மாமா. அங்க மூட்டையாப் போக வேணாம்.”

படியோரக் கைப்பிடியைப் பற்றி எழுந்தான். ஏறுவதற்கு வெகுநேரம் பிடித்தது. நடுப்படியில் நின்றபோது நுரையார் தாங்கப் போனார். அவன் திரும்பாமலே கையை மட்டும் அசைத்தான், வராதீங்க என்பது போல.

“என்னடா, போகலையா?” என்று மேலே அக்காவின் குரல் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் வந்தது.

நுரையார் சைக்கிளைப் பார்த்தார். பச்சைக் குழாயில் மச்சினன் சாய்த்துப் பிடித்த இடத்தில் வியர்வையின் கைத்தடம் பனித்திருந்தது. பழக்கதோஷத்தில் தோளிலிருந்த துணியை எடுத்து அதைத் துடைக்கப் போனார். கை பாதியில் நின்றது. தடம் கண்ணெதிரே ஓரங்களிலிருந்து உலர்ந்து சுருங்கியது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அது முழுக்கக் காய்ந்து மறையும் வரை அவர் அங்கேயே நின்றார்.