கடமான் கொம்பும் வக்கீலாத்துக் காப்பியும்

பாண்டி பஜார் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லை ராவ ஆரம்பித்ததும் ஒரு வாடை எழுந்தது. மயிர் பொசுங்குவதற்கும் குளம்பு தீய்வதற்கும் நடுவே ஒன்று. "வலிக்குதா?" என்றார். வாயில் அவர் கை. இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்: ஐயா, இது என் முதல் உத்தியோகத்தின் வாசனை. கடமான் கொம்பில் துளை போட்டால் இதேதான்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில், செத்த மிருகங்களைப் பாடம் பண்ணும் கடை. முதலாளி சவரிமுத்து ஞாயிறு தவறாமல் சாந்தோம் பூசைக்குப் போவார்; மற்ற ஆறு நாளும் புலிகளுக்குக் கண்ணாடிக் கண் வைத்து உயிர்த்தெழ வைப்பார். எனக்கு டேப் பிடிக்கிற வேலை.

1. வளரும் மான்

வேட்டைக் கொம்பை அளக்கும் பழைய முறை சுலபம். இரண்டில் நீளமான கொம்பை அடியிலிருந்து நுனிவரை, வெளிவளைவோடு அளந்தால் போதும். முதலாளியின் துணி டேப் வெந்நீரில் துவைத்ததில் சுருங்கிப் போயிருந்தது. அதில் அளந்தால் செத்த மானும் வளரும். வேட்டைக்குப் போகும் துரைமார் எங்களையே தேடி வந்தது அதனால்தான்.

அடையாற்று வேட்டை கிளப்புக்கு ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் செக்ரெட்டரியானார். இரும்பு டேப்போடு புது முறையும் வந்தது. இரண்டு கொம்பின் நீளம், அடிச்சுற்று, இரண்டுக்கும் நடுவே அகலம், முனைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கூட்டி, இடது வலது வித்தியாசத்தைக் கழித்து மார்க். முனையா, வெறும் பருவா என்று சந்தேகம் வந்தால் தன் மோதிரத்தைக் கழற்றி மாட்டுவார். நின்றால் முனை.

"மானுக்கு மெட்ரிக் பரீட்சை வச்சுட்டான்யா" என்றார் முதலாளி.

முதல் மார்க் வாங்கும் கொம்பு கிளப் ஹாலில், துரைமார் கொம்புகளுக்கு நடுவில் தொங்கும். மயிலாப்பூர் வக்கீல் வெங்கடேசய்யருக்கு அந்த ஆணிமேல் கண்.

2. அநாதை மண்டை

வக்கீல் ஒரு கோணிப்பையோடு வந்தார். "ரெண்டு கொம்பும் இருக்கு சவரி. நடுவுல இருக்க வேண்டியதுதான் இல்லே."

மண்டை இல்லை. கொம்புகளின் அடி வழவழவென்று குவிந்திருந்தது. மான் தானாக உதிர்த்துவிட்டுப் போனவை. வக்கீல் சுட்டது ஒரு புளியமரத்தை. துப்பாக்கி உதைத்து அவர் விழுந்த புதரில் இவை கிடந்தன. பழைய முறைக்கு மண்டை வேண்டாம். புது முறையில் மண்டை இல்லாமல் அகலம் ஏது?

முதலாளி பரணிலிருந்து ஏதோ ஓர் அநாதைக் கடமானின் மண்டையை இறக்கினார். தையற்காரர் மாதிரிக் கேட்டார்: "அகலம் எவ்ளோ வோணும் சார்? தாராளமா சொல்லுங்க. மானு ஒண்ணும் கேக்காது."

"பாக்கறவா நம்பறாப்ல வைப்பா."

நான் துளை போட்டேன். கடை முழுக்க அந்த வாடை. வக்கீல் ஹோட்டல் காப்பியை மருந்து மாதிரி விழுங்கினார்.

"ஆத்துக்காரி சாதம் போடறா. காப்பி கிடையாது. உயிரை எடுத்த கைக்கு என் கையால தம்ளர் தரமாட்டேங்கறா."

"சுடலைன்னு சொல்லிடலாமே சார்?" என்றேன்.

"சொன்னா அடுத்தாத்துக்குப் போகும். அடுத்தாத்து மாப்பிள்ளை கிளப் மெம்பர்டா!"

3. கேள்வி நேரம்

செக்ரெட்டரி கடைக்கே வந்து அளந்தார். ஆறு முனை தெளிவு. ஏழாவதில் மோதிரம் கொஞ்சம் ஆடி, யோசித்து, நின்றது.

அப்போது வாசலில் ரிக்‌ஷா. "சீக்கிரம் வாம்மா, இன்னா நாத்தம்!" என்றான் ரிக்‌ஷாக்காரன். தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி வக்கீலாத்து மாமி படியில் நின்றார்.

"நீ எங்கே இங்கே?" என்றார் வக்கீல்.

"ஹால்ல மாட்டிட்டா நான் பாக்க முடியாதே. அதோட மூஞ்சியைப் பாத்து ஒரு மன்னிப்பு கேட்டுண்டு போறேன்."

ஏழாவதில் இன்னும் தொங்கிய மோதிரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்த அநாதை மண்டைக்கு மாமி கை கூப்பினார். கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்தது.

செக்ரெட்டரி பேனாவைத் திறந்தார். "முதல் மார்க் உங்களுதுதான் சார். ஒரே ஒரு கேள்வி. சுட்டது நீங்கதானே?"

வக்கீல் செக்ரெட்டரியைப் பார்த்தார். கூப்பிய கைகளைப் பார்த்தார். கோர்ட்டில்கூட இவ்வளவு நேரம் வாய்தா கேட்டிருக்கமாட்டார்.

"சுடலை. பொறுக்கினேன். மண்டை சவரியோடது."

"ஐயோ, என்னுது இங்கதான் சார் கீது!" என்று முதலாளி தன் தலையைத் தொட்டுக் காட்டினார். செக்ரெட்டரி சிரிக்கவில்லை. இரும்பு டேப் சர்ரென்று சுருண்டது. அதோடு கிளப் வேலையும் எங்களை விட்டுப் போனது.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று: எண் யாருக்கு வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு டேப்பை எடுங்கள். நாங்கள் தெரிந்துதான் எடுத்தோம். ஆனால் காப்பிக் கணக்கை விட்டுவிட்டோம்.

மாமி ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து, மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தார்.

"டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும், வாங்கோ. மண்டையை விட்டுட்டுக் கொம்பை மட்டும் எடுத்துக்கோங்கோ, ஆறு துண்டு மாட்டலாம். அந்த ஏழாவது இருக்கே, அது முனையே இல்லை, வெறும் பரு."